ஃபின்லாந்துத் தட்டு, டம்ளர், கத்தரிக்கோல்: அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

சத்துவாச்சாரி வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்காவும் மாமாவும் ஃபின்லாந்தில், எஸ்போவில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள். நாங்கள் இப்போதுதான் வீட்டைக் கொஞ்சம் இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம், அதனால் "உனக்கு என்ன வேண்டும் சொல்லு" என்று அக்கா தினமும் படம் படமாக அனுப்புகிறாள். ஈத்தலா, அராபியா, மரிமெக்கோ, ஃபிஸ்கார்ஸ் என்று வாயில் நுழையாத பெயர்களாக வருகின்றன.

எனக்குப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. வெள்ளைத் தட்டு. பூ இல்லை, கோடு இல்லை, ஓரத்தில் தங்க வரி கூட இல்லை. ஒரு காபிக் கப் 20 யூரோ பக்கம் என்கிறாள், நம் பணத்தில் இரண்டாயிரம். அந்தக் காசுக்கு லாங் பஜாரில் நல்ல கனமான எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, பெயரும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று அம்மா கேட்கிறார், நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் உலகம் முழுக்க இதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்களே, அதுவும் சும்மா இருக்காதில்லையா?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிராண்டுக்காகத்தான் இந்த விலையா, இல்லை நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? நம் வீட்டுச் சமையலுக்கு, நம் ஊர்த் தண்ணீருக்கு, எது ஒத்துவரும்? பெட்டியின் எடையும் ஒரு பிரச்சினை, மாமா முறுக்கு அச்சைக் கூட எடை போட்டுத்தான் எடுத்துப் போனவர்.

காட்பாடி வரைபலகை எழுதியது:

"ஒன்றுமே தோன்றவில்லை" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் காய் ஃப்ராங்க் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த வெள்ளைத் தட்டை வடிவமைத்தவர் அவர்தான். நான் கட்டட வரைபடம் போடுகிற ஆள், இவரைப் பற்றி மாணவர்களிடம் பேச ஆரம்பித்தால் வகுப்பு முடியும்வரை நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939-இலிருந்து 1944 வரை ஃபின்லாந்து சோவியத் யூனியனோடு இரண்டு முறை போர் புரிந்தது. கரேலியா என்ற பகுதி கைவிட்டுப் போனது, அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து மீதி நாட்டில் குடிவைக்க வேண்டியிருந்தது. போர் இழப்பீட்டைக் கட்டி முடிக்கவே 1952 ஆகிவிட்டது. இருந்த வீடுகள் சின்னவை, சமையலறை அதைவிடச் சின்னது. ஆனால் கடையில் விற்றதென்னவோ பழைய பணக்காரக் குடும்பங்களுக்கான டின்னர் செட். சூப்புக்கு ஒரு பெரிய மூடிப் பாத்திரம், குழம்பு ஊற்ற மூக்கு வைத்த கிண்ணம், விருந்துக்கு ஒரு முறை, பிறகு ஒரு வருஷம் அலமாரியில். ஒன்று உடைந்தால் செட்டே போச்சு.

ஃப்ராங்க் 1945-இல் அராபியா தொழிற்சாலைக்கு வந்தார். (அராபியா ஹெல்சிங்கியில் ஒரு பேட்டையின் பெயர். 1873-இல் அங்கே தொடங்கியதால் கம்பெனிக்கும் அதே பெயர், அரபு நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அவர் செட் என்பதையே ஒழிக்கப் பார்த்தார். 1953-இல் கடைக்கு வந்த கில்தா என்ற வரிசையில் வட்டம், சதுரம் என்று அடிப்படை வடிவங்கள்தான். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். ஒரே கிண்ணத்தில் சமைக்கலாம், பரிமாறலாம், மிச்சத்தை மூடி வைக்கலாம். தனித்தனியாக வாங்கலாம், நிறங்களைக் கலந்து வைத்துக்கொள்ளலாம், உடைந்தால் உடைந்ததை மட்டும் வாங்கலாம். பூவும் கோடும் இல்லாததற்குக் காரணமே இதுதான், பூப் போட்டால் அடுத்த வருஷம் அந்தப் பூ மாறிவிடும், உங்கள் பழைய தட்டு அநாதையாகிவிடும்.

கில்தா 1970-களின் நடுவில் நின்றுபோனது. 1981-இல் அதையே இன்னும் உறுதியான பீங்கானில், ஓவனுக்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் தாங்குகிற மாதிரி, தேமா என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். உங்கள் அக்கா அனுப்பியது அதுவாகத்தான் இருக்கும். நாற்பது வருஷம் முன்னால் ஒருவர் வாங்கிய தட்டின் மேல் இன்றைக்கு வாங்கிய தட்டு சரியாக உட்காருகிறது என்பதற்கு விலை உண்டா இல்லையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால் உண்டு. ஆனால் இரண்டாயிரம் ரூபாய் அளவுக்கா என்றால், அதில் பாதி பெயருக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், வடிவமைப்பாளரின் பெயரைச் சொல்லிப் பொருளை விற்கக் கூடாது என்று சண்டை போட்டவர் இதே ஃப்ராங்க். இன்று அவர் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

கண்ணாடி டம்ளர் வாங்குவதாக இருந்தால் ஐனோ ஆல்ட்டோவின் டம்ளரைக் கேளுங்கள், 1932-இல் ஒரு போட்டிக்காக வரைந்தது, இன்றும் வருகிறது. அச்சில் அழுத்தி வார்த்த மலிவுக் கண்ணாடிக்காகப் போட்ட வடிவம். தண்ணீரில் கல் போட்டால் எழும் அலை மாதிரி வளையம் வளையமாக இருக்கும், ஈரக் கையில் நழுவாது. இன்னொன்று காஸ்தெஹெல்மி, ஓய்வா தோய்க்கா 1964-இல் செய்தது, உடம்பெல்லாம் கண்ணாடி முத்து. அச்சில் வார்த்த கண்ணாடியில் அச்சுகள் சேரும் இடத்தில் ஒரு தழும்புக் கோடு விழும், அதை மறைப்பதற்காகத்தான் அந்த முத்துக்கள். அழகுக்கு வைத்தது என்று நினைத்திருப்போம், பார்த்தால் பட்டறைப் பிரச்சினைக்குத் தீர்வு. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் பிடிக்கும்.

லாங் பஜார் பாத்திரக்கடை எழுதியது:

தம்பி நன்றாக வகுப்பு எடுத்தார். நான் மூன்று தலைமுறையாக எவர்சில்வரும் பித்தளையும் விற்கிற குடும்பம், என் பங்குக்கும் கொஞ்சம் கேளுங்கள்.

அடுக்கலாம் என்கிறீர்கள். நம் டம்ளரை அடுக்க முடியாதா? சம்படம் ஒன்றுக்குள் ஒன்று ஏழு போகும். தனித்தனியாக வாங்கலாம் என்கிறீர்கள், எவர்சில்வரை எந்தக் காலத்தில் செட்டாக மட்டும் விற்றோம்? டம்ளருக்கு மேலே வெளியே மடித்து ஒரு விளிம்பு இருக்கிறதே, அதை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? காபி கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் அந்த விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கலாம், அண்ணாந்து குடிக்கும்போது பால் ஓரத்தில் வழியாமல் நேராக விழும், டவராவில் ஊற்றி ஆற்றும்போதும் அப்படியே. இதை வரைந்தது யார் என்று யாருக்காவது தெரியுமா? அதற்கு யார் யூரோ கொடுத்தார்கள்?

அப்புறம் முக்கியமான ஒன்று. எவர்சில்வர் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும், அவ்வளவுதான். பழசானால் எடைக்குப் போட்டு மேலே கொஞ்சம் பணம் வைத்துப் புதுசு எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் பீங்கான் கிரானைட் மேடையில் இடித்து ஓரம் பெயர்ந்துவிட்டால் எந்தக் கடைக்காரனும் திரும்ப எடுக்க மாட்டான். தட்டின் பின்னால் ஃப்ராங்க் பெயர் இருக்கலாம், எங்கள் தட்டில் "தாய்மாமன் அன்பளிப்பு" என்று இருக்கும். அந்தத் தட்டை உங்கள் அம்மா தூக்கிப் போடுவாரா, கேட்டுப் பாருங்கள்.

தம்பெரே ராணிப்பேட்டைக்காரன் எழுதியது:

பாத்திரக்கடை அண்ணன் சொல்வதில் தப்பே இல்லை, டம்ளர் விளிம்பு பற்றி அவர் சொன்னதை இங்கே உள்ள ஆட்களிடம் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். நான் ராணிப்பேட்டை, இப்போது இருப்பது ஃபின்லாந்தில், தம்பெரேயில். இங்கே இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

முதலில், இங்கே இதை யாரும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. ஆபீஸ் கேன்டீனில் தேமா தட்டு, நண்பர் வீட்டில் குழந்தை கையில் ஆல்ட்டோ டம்ளர். எனக்கு இதன் கவர்ச்சியே இதுதான். நம் ஊரில் நல்ல பொருள் விருந்தாளிக்கு, நமக்கு நெளிந்த தட்டு, இங்கே தினம் கஞ்சி குடிப்பதே நல்ல கிண்ணத்தில்தான்.

கையால் சாப்பிடுவதற்குத் தட்டு எப்படி என்று யாரும் சொல்லவில்லை. தேமா தட்டின் ஓரம் சாய்ந்து விரியாது, சட்டென்று நேராக மேலே எழும்பும். சாதத்தைப் பிசைந்து ஓரத்துக்குத் தள்ளினால் அங்கே நின்று உருண்டையாகிவிடும், வெளியே வழியாது. ரசம் சாதத்துக்குக் குழிவான தட்டு ஒன்று தனியாக இருக்கிறது, அது 21 சென்டிமீட்டர், அதைத்தான் நான் அதிகம் எடுக்கிறேன். களி போட்டு நடுவில் குழி பண்ணிக் கீரைக் கடைசல் ஊற்றவும் அதுதான் சரி. ஆனால் எவர்சில்வர் கரண்டியும் ஸ்பூனும் பட்டுப் பட்டு வெள்ளைப் பளபளப்பின் மேல் பென்சில் கிறுக்கியது மாதிரி சாம்பல் கோடு விழும். கீறல் இல்லை, கரண்டியின் உலோகம்தான் ஒட்டிக்கொள்கிறது, தேய்த்தால் போகும், ஆனால் கம்பி நார் போட்டுத் தேய்க்கிற வீட்டில் பளபளப்பும் சேர்ந்து போய்விடும்.

"ஃபின்லாந்தில் செய்தது" என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு: அராபியாவின் ஹெல்சிங்கி தொழிற்சாலை 2016-இல் மூடியாகிவிட்டது. மூமின் பொம்மை (இங்கத்திய குழந்தைக் கதைகளில் வருவது) போட்ட கப் எல்லாம் தாய்லாந்தில் செய்து வருகிறது. கண்ணாடி மட்டும் இன்னும் ஈத்தலா கிராமத்திலேயே ஊதுகிறார்கள், 1881-இலிருந்து நடக்கிற பட்டறை. மூமின் கப் சேகரிக்கும் பைத்தியம் தனி உலகம். சில அபூர்வ கப்புகளை ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து வாங்குகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

விலைக்கு ஒரு வழி: அக்காவைக் கடைக்குப் போகச் சொல்லாதீர்கள், கிர்ப்புதோரிக்குப் போகச் சொல்லுங்கள். பழைய சாமான் விற்கும் இடம், எஸ்போவிலும் உண்டு. பழைய அராபியா தட்டு, ஓரம் பெயராததாகத் தேடிப் பிடித்தால் புதியதன் விலையில் ஒரு பங்குதான். ஒற்றைத் தட்டாகத்தான் கிடைக்கும், ஆனால் செட் வேண்டாம் என்பதுதானே இங்கே பேச்சே.

எடை பற்றிக் கேட்டதால்: சார்பனேவா என்ற வடிவமைப்பாளர் செய்த இரும்புப் பானை (1960, மரக் கைப்பிடியைக் கழற்றி அதாலேயே மூடியைத் தூக்கலாம், அருமையான யோசனை, உள்ளே எனாமல் என்பதால் புளிக் குழம்புக்கும் பயமில்லை) என்று அக்கா சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமா பாவம்.

பார்க்க வேண்டிய பொருள் ஒன்று பெட்டியில் வராது. இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் சிங்குக்கு மேலே ஒரு அலமாரி இருக்கும், திறந்தால் அடித்தட்டுப் பலகை இல்லை, வெறும் கம்பி. கழுவிய தட்டை ஈரத்தோடு அதில் செருகிக் கதவை மூடிவிடுவார்கள், தண்ணீர் சிங்கிலேயே சொட்டிவிடும். துடைக்கிற வேலையும் இல்லை, எடுத்து அடுக்குகிற வேலையும் இல்லை. 1944, 45 வாக்கில் மாயூ கெப்ஹார்ட் என்ற அம்மா வீட்டு வேலையை எளிதாக்குவது பற்றி ஆராயும் ஒரு சங்கத்தில் இருந்துகொண்டு செய்தது. சமையலறையை இடித்துக் கட்டுகிறீர்கள் என்றால் தட்டை விடுங்கள், இதைப் பாருங்கள்.

ஆரணி கத்தரி எழுதியது:

தலைப்பில் கத்தரிக்கோல் என்று இருக்கிறது, யாரும் பேசவில்லையே. நான் தையல்காரன். ஆரஞ்சுப் பிடி போட்ட ஃபிஸ்கார்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. நம்மூர் இரும்புக் கத்தரி வெட்டுக்கு எந்தக் குறையும் இல்லை, சாணை பிடித்துப் பிடித்து ஆயுசுக்கும் வரும், ஆனால் முகூர்த்தக் காலத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை ஜாக்கெட் துணி வெட்டினால் கட்டைவிரல் அடியில் காய்த்துப்போகும். ஃபிஸ்கார்ஸ் பிடி கட்டைவிரலுக்கு ஒரு வளைவும் மற்ற விரல்களுக்கு வேறு வளைவுமாக வார்த்திருக்கிறது, கீழ் அலகு மேஜையோடு படிந்தே போகும், துணி தூக்காது. பட்டுக்கு அது பெரிய விஷயம், தூக்கினால் நழுவிக் கோணலாகிவிடும்.

1967-இல் வந்ததாம். மாதிரி செய்யும்போது ஜூஸ் பிழியும் சாமானுக்கு வைத்திருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் மெஷினில் மிச்சம் கிடந்தது, அதில் வார்த்துப் பார்த்தது எல்லோருக்கும் பிடித்துப்போய் அதே நிறம் நிலைத்துவிட்டது. துணிக் குவியலுக்குள் கத்தரியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனுக்குத்தான் தெரியும் அந்த நிறத்தின் அருமை. இடதுகைக்காரர்களுக்குத் தனியாகவும் உண்டு. ஆனால் பேப்பர் வெட்டினீர்கள் என்றால் போச்சு, வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒளித்து வையுங்கள்.

வாலாஜா பழைய டார்ச் எழுதியது:

ஃபின்லாந்து சாமான் நம் வீட்டுக்குப் புதிதா என்ன? நோக்கியா 1100 இல்லாத வீடு இருந்ததா? 2003-இல் வந்தது. தூசி போகாதபடி பட்டன் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பாக, வியர்த்த கையில் நழுவாத பக்கவாட்டு, கரண்ட் போனால் டார்ச். எங்கள் பாட்டி போனைப் பேசுவதற்குப் பயன்படுத்தியதைவிட மாட்டுக் கொட்டகையில் விளக்காகப் பயன்படுத்தியதுதான் அதிகம். அவ்வளவுதான், இடையில் வந்ததற்கு மன்னிக்கவும்.

சத்துவாச்சாரி வாசி எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பாத்திரக்கடை அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒரே சந்தோஷம், கடை எங்கே என்று கேட்கிறார்.

அக்காவிடம் கிர்ப்புதோரி பற்றிச் சொன்னேன், "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டுவிட்டு, அங்கேதான் அவளும் வாங்குகிறாள் என்பதை ஒப்புக்கொண்டாள். குழிவான தட்டு நாலு, வேறு வேறு நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, வளைய டம்ளர் கிடைத்தால் இரண்டு, ஒரு கத்தரிக்கோல், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

சொட்டுகிற அலமாரிதான் இப்போது தலைக்குள் சுற்றுகிறது. ஆனால் நம் வீடுகளில் சுவரில் மாட்டும் எவர்சில்வர் ஸ்டாண்ட் இருக்கிறதே, தட்டு செருக, கரண்டி தொங்கவிட, டம்ளர் கவிழ்க்க, அதுவும் இதுவும் ஒன்றுதானே? ஆசாரியிடம் கேட்டால் "ஈரத்தை மூடி வைத்தால் நாறும்மா" என்கிறார்.

காட்பாடி வரைபலகை எழுதியது:

நல்ல கேள்வி. ஸ்டாண்டும் அதுவும் பாதி ஒன்றுதான், நம் ஸ்டாண்ட் ஒன்றும் மட்டமில்லை. வித்தியாசம் எங்கே என்றால், நம் ஸ்டாண்ட் பெரும்பாலும் சிங்குக்கு மேலே இருக்காது, மேடைக்கு மேலேயோ எதிர்ச் சுவரிலோ இருக்கும், ஆகவே முதலில் கூடையில் கவிழ்த்து வடியவிட்டு, பிறகு எடுத்து அடுக்குகிறோம், ஒரே பாத்திரத்தை இரண்டு முறை கையில் எடுக்கிறோம். அந்த கெப்ஹார்ட் அம்மா மிச்சம் பிடித்தது அந்த இரண்டாவது முறையைத்தான். இன்னொன்று, திறந்த ஸ்டாண்டில் நம் ஊர்த் தூசி படியும், பல்லி ஓடும், காலையில் தட்டை மறுபடி அலசாமல் யார் சாப்பிடுகிறோம்?

ஆசாரி சொல்வதும் சரி, மேலே கீழே இரண்டு பக்கமும் மூடினால் நாறும். அடி முழுக்கத் திறந்திருக்க வேண்டும், மேல் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று கீழிருந்து மேலே போகும். வேலூர் வெயிலுக்கு ஏப்ரல், மே மாதங்களில் அரை மணியில் காய்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில்தான் கொஞ்சம் கவனம்.

பெட்டியைச் சாதாரண பிளைவுட்டில் செய்யவே செய்யாதீர்கள், ஓரம் ஊதிவிடும், பிவிசி போர்டு போதும். கம்பி 304 தர எவர்சில்வராக இருக்கட்டும், குரோம் பூசிய கம்பி நம் போர்வெல் தண்ணீரில் துருப் பிடித்துவிடும். தட்டுச் செருகும் இடைவெளியை ரெடிமேடாக வாங்கினால் பீங்கான் தட்டின் கனத்துக்குத்தான் இருக்கும், விளிம்பு மடித்த நம் எவர்சில்வர் தட்டு நிற்காமல் சாய்ந்துவிடும், ஆகவே உங்கள் வீட்டுத் தட்டு இரண்டையும் குழிவான தட்டு ஒன்றையும் ஆசாரி கையிலேயே கொடுத்து அளந்து வளைக்கச் சொல்லுங்கள்.

தம்பெரே ராணிப்பேட்டைக்காரன் எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். போர்வெல் தண்ணீர் என்றால் கண்ணாடி டம்ளர் தானாகக் காயும்போது உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகப் படியும், வளைய டம்ளரில் வரி இடுக்கில் நிற்கும், வாரம் ஒரு முறை எலுமிச்சைத் தோல் அல்லது புளித் தண்ணீர். அப்புறம் அந்த டம்ளரில் சூடான காபி ஊற்றிவிடாதீர்கள், அது தண்ணீருக்கும் மோருக்கும் மட்டும், விரிசல் விட்டுவிடும். காபிக்கு அண்ணனுடைய டவரா டம்ளர்தான்.

லாங் பஜார் பாத்திரக்கடை எழுதியது:

பார்த்தீர்களா. அம்மாவை சனிக்கிழமை சாயங்காலம் தவிர எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லுங்கள், அன்று கூட்டம். 304 கம்பி நானே வாங்கித் தருகிறேன், காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பில்லில் தரம் எழுதி வாங்குங்கள். ஆசாரி சிங்கின் அகலத்தை எடுத்துவிட்டாரா? அலமாரி சிங்கைவிட அகலமாகப் போனால் சொட்டுவது மேடையில்தான்.